காலண்டர் தாளைக் கிழிக்கும் முன்

பவானியில் 32 வருடமாகத் தையல் தைக்கிறேன். பெரும்பாலும் ப்ளவுஸ். முகூர்த்த மாதங்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்திருப்பேன். கழுத்து முன்னால் வளைந்து, வலது தோள் இடது தோளைவிட ஒரு விரற்கடை மேலே ஏறி நின்றுவிட்ட உடம்பு இது. யோகா தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. துணி கொடுக்க வருகிற பெண்கள், "அக்கா, நீங்க தினமும் செய்யறீங்களாமே, எங்கிருந்து ஆரம்பிக்கணும்?" என்று கேட்கிறார்கள். அளவு எடுக்கிற ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிகிற விஷயமாக இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பட்டுப் புடவையோடு வரும் ப்ளவுஸ் துண்டை வெட்டுவது தனி வேலை. ஜரிகை சரியாகக் கையின் ஓரத்தில் விழும்படி கணக்குப் பார்த்து மடிக்க வேண்டும். சாக்கால் கழுத்தை வரைந்து கத்தரியை வைத்துவிட்டால் திரும்ப வழி கிடையாது. அந்தத் துணிக்கு மாற்றுத் துணி இல்லை. யோகா வகுப்பில் சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு கல்யாணப் பெண்ணின் அரக்கு நிறப் பட்டை அப்படி வெட்டிக்கொண்டிருந்தேன். நெஞ்சை அடைப்பது போல இருந்தது. என்னவென்று பார்த்தால், நான் மூச்சே விடவில்லை. கத்தரி கழுத்து வளைவைச் சுற்றி வந்து முடிகிற வரைக்கும் அதைப் பிடித்து வைத்திருக்கிறேன்.

அன்று முழுவதும் கவனித்தேன். ஊசியில் நூல் கோக்கும்போது பிடிக்கிறேன். போன் மணி அடித்தால் பிடிக்கிறேன். பக்கத்து அறையிலிருந்து மாமியார் கூப்பிட்டால் பிடிக்கிறேன். தம்பியின் பேச்சை யாராவது எடுத்தால், தொண்டைக்குக் கீழே ஒரு முடிச்சு விழுந்து அங்கேயே நின்றுவிடுகிறது.

யோகாவிலிருந்து எனக்குக் கிடைத்ததில் பெரியது இதுதான். எங்கெங்கே மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன் என்று தெரிந்தது. தெரிந்த பிறகுதான் விட முடிந்தது. கீழே நான் சொல்லப்போவதெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான். உடம்பு வளைவதும் வலி குறைவதும் கூடவே வரும்.

இடமும் நேரமும்

ஓர் ஆள் கை காலை நீட்டிப் படுக்கிற இடம் போதும். என் இடம் தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிறது. இரவே துணி மூட்டைகளை ஒதுக்கி, விழுந்து கிடக்கும் குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கிவிட்டுப் படுப்பேன். காலையில் இடத்தைத் தயார் செய்யவேண்டும் என்றிருந்தால், அந்த ஒரு சாக்கு போதும், அன்றைக்கு நடக்காது.

விரிப்புக்கு நான் பவானி ஜமுக்காளம்தான் வைத்திருக்கிறேன். அப்பா குழித்தறியில் நெய்தது, சிவப்பும் கறுப்புமாகப் பட்டை போட்டது. ரெண்டாக மடித்துப் போட்டால் முதுகெலும்பு தரையில் உறுத்தாது. ஆனால் டைல்ஸ் தரையில் ஜமுக்காளம் வழுக்கும். நின்று செய்வதை வெறும் தரையில் செய்துவிட்டு, படுத்துச் செய்வதற்கு மட்டும் ஜமுக்காளத்துக்குப் போங்கள். ரப்பர் மேட் வாங்க முடிந்தால் வாங்கலாம். வாங்கிய பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று காத்திருக்க வேண்டாம்.

உடுப்பு என் தொழில் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இடுப்பில் நாடா இறுக்கிக் கட்டிய எதுவும் வேண்டாம். வயிறு மூச்சுக்கு விரியவேண்டும். தளர்வான எலாஸ்டிக் வைத்த பருத்தி பேன்ட் நல்லது. தைத்துப் போடுவதாக இருந்தால், ரெண்டு காலும் சேருகிற இடத்தில் ஒரு சாய்சதுரத் துண்டு வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். காலை அகட்டும்போது தையல் பிரியாது.

நேரம் எனக்கு அதிகாலை 5.15. அந்த நேரம்தான் உயர்ந்தது என்று சொல்லமாட்டேன். வீட்டில் மற்றவர்கள் எழுந்திருக்காத நேரம் அது ஒன்றுதான். உங்கள் வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் 9.30 மணிக்குத்தான் அமைதி கிடைக்கும் என்றால் அப்போது செய்யுங்கள். ஆனால் வயிறு காலியாக இருக்கவேண்டும். சாப்பாடு சாப்பிட்டால் மூன்று, நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடிக்கலாம். காப்பி, பயிற்சி முடித்த பிறகுதான்.

பெண்களுக்குத் தனியாக ஒன்று. இந்த அரை மணி நேரத்தை வீட்டில் வாய் திறந்து சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் முதல் மூன்று மாதம் யாருக்கும் தெரியாமல் செய்தேன். பால் பொங்கும் சத்தம் கேட்டால் பாதியில் எழுந்து ஓடுவேன். ஒரு நாள் என் வீட்டுக்காரரிடம், "5.15லிருந்து 5.50 வரைக்கும் என்னைக் கூப்பிடாதீங்க, பாலை நீங்க பார்த்துக்குங்க" என்றேன். "சரி" என்றார். அவ்வளவுதான். இத்தனை வருடம் கேட்காமல் இருந்தது நான்தான்.

என் வரிசை

முதலில் எச்சரிக்கை. இரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம், கண்ணில் அழுத்த நோய், முதுகுத் தட்டு விலகல், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை, இதில் எது இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டுவிட்டு, நேரில் ஒரு ஆசிரியரிடம் கற்றுக்கொள்ளுங்கள். எனக்குக் கழுத்து எலும்புத் தேய்மானம் உண்டு. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், கழுத்தில் பாரம் விழும் எதையும் செய்யக் கூடாது என்று சொல்லியிருந்தார். அப்படியிருந்தும் இரண்டாவது மாதம் போனில் ஒரு வீடியோவைப் பார்த்துச் சிரசாசனம் முயற்சி செய்தேன். 11 நாள் தலையைத் திருப்ப முடியவில்லை. மெஷினில் உட்காரவும் முடியவில்லை. அதன்பின் அதைத் தொடவே இல்லை. ஒன்பது வருடத்தில் அதனால் எதையும் இழந்ததாகவும் தோன்றவில்லை.

யோக சூத்திரம் எழுதிய பதஞ்சலி ஆசனத்துக்கு வைத்த இலக்கணம் ரொம்பச் சின்னது: நிலையாக இருக்கவேண்டும், சுகமாக இருக்கவேண்டும். எங்கள் டீச்சரம்மா இதை மூச்சால் சோதிக்கச் சொல்வார். அவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. தன் வீட்டு மொட்டை மாடியில்தான் வகுப்பு எடுப்பார். மூச்சு வெட்டி வெட்டி வந்தாலோ, நின்றுபோனாலோ, நீங்கள் உங்கள் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள். ஒரு அங்குலம் திரும்பி வாருங்கள் என்பார். நான் குனிந்து பாதத்தைத் தொட முக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அம்மிணி, கால் எங்கயும் போகாது, மூச்சை விடுங்க" என்றார். இன்றைக்கும் காதில் கேட்கிறது.

உட்கார்ந்து ஆரம்பியுங்கள். தரையில் உட்கார முட்டி வலித்தால் ஸ்டூலில் உட்காருங்கள். இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் மூச்சு எங்கே போய் நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். நெஞ்சோடு நிற்கிறதா, வயிறு வரைக்கும் போகிறதா. மாற்ற வேண்டாம்.

அப்புறம் எழுந்து நின்று, மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் முன்பக்கமாக மேலே தூக்குங்கள், விட்டுக்கொண்டே இறக்குங்கள். ஆறு முறை. கை வேகமாகவும் மூச்சு மெதுவாகவும் போனால் கையைத் தாமதியுங்கள். கை மூச்சுக்குப் பின்னால் வரவேண்டும். சுலபமாகத் தெரியும் இதைச் சரியாகச் செய்ய எனக்கு இரண்டு வாரம் ஆனது.

பிறகு நான்கு காலில் நிற்பது போல உள்ளங்கையையும் முட்டியையும் ஊன்றி, பூனை ஆசனம். மூச்சை இழுக்கும்போது நெஞ்சை முன்னால் கொண்டுவந்து பார்வையை நேராக்குவது. விடும்போது முதுகைக் கூரை மாதிரி வளைத்துத் தலையைத் தொங்கவிடுவது. எட்டு முறை. முட்டிக்குக் கீழே மடித்த துணி வையுங்கள். நாள் முழுக்கக் குனிந்து உட்காருகிற எல்லாருக்கும், தைப்பவர், கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவர், பூக்கட்டுபவர், இதைவிட நல்லது ஒன்றை நான் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆசனத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

அப்படியே குப்புறப் படுத்து, பாம்பு படம் எடுப்பது போலத் தலையையும் நெஞ்சையும் தூக்கும் புஜங்காசனம், மூன்று முறை. கையால் தள்ளி எழ வேண்டாம்; முதுகு எவ்வளவு தூக்குகிறதோ அவ்வளவு. நெஞ்சு நாலு விரல் உயர்ந்தால் போதும். பிறகு குதிகாலின் மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து, நெற்றியைத் தரையிலோ தலையணையிலோ வைத்து பாலாசனத்தில் ஓய்வு.

மல்லாந்து படுத்து முட்டிகளை மடக்கி, மூச்சை விட்டுக்கொண்டே நெஞ்சை நோக்கி இழுப்பது எட்டு முறை; இழுக்கும் மூச்சில் கை நீளும் வரை முட்டியைத் தள்ளிவிடுவது. பிறகு பாதங்களைத் தரையில் ஊன்றி, மூச்சை இழுத்து இடுப்பைத் தூக்கி, விட்டு இறக்கும் சேது பந்தாசனம், ஆறு முறை. இடுப்பு மேலே இருக்கும்போது தலையைப் பக்கவாட்டில் திருப்பக் கூடாது.

கடைசியில் சுவரில் கால் தூக்கி வைப்பது. இடுப்பைச் சுவரோரம் கொண்டுபோய், பக்கவாட்டில் படுத்து, திரும்பி இரண்டு கால்களையும் சுவரில் சாய்த்துவிடுவது. மோட்டார் வருவதற்கு முன்னால் பெடல் மிதித்தே தைத்தவள் நான். சாயங்காலம் பாதம் வீங்கி, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக இருக்கும். இதில் ஐந்து நிமிடம் கிடந்தால் கால் காற்றுப் போன மாதிரி இலேசாகிவிடும். மரத்துப்போனால் உடனே இறக்கிவிடுங்கள்.

இதற்குமேல் ஏழு நிமிடம் சவாசனம். அதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

எழுந்து உட்கார்ந்து நாடி சுத்தி, ஒன்பது சுற்று. வலது கைக் கட்டைவிரலால் வலது மூக்கையும், மோதிர விரலால் இடது மூக்கையும் மாற்றி மாற்றி அடைப்பது. இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. நடுவில் மூச்சை நிறுத்தி வைக்கத் தேவையில்லை. நாலு எண்ணி இழுங்கள், ஆறு எண்ணி விடுங்கள். ஆறு முடியவில்லை என்றால் ஐந்து.

விடுவது ஏன் நீளமாக இருக்கவேண்டும் என்று டீச்சரம்மா விளக்கியது எனக்கு ரொம்ப உதவியது. மூச்சை இழுக்கும்போது இதயம் கொஞ்சம் வேகமாகத் துடிக்கும், விடும்போது கொஞ்சம் மெதுவாகும். மூளையின் அடியிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிறு வரை போகிற வேகஸ் நரம்பு என்று ஒன்று இருக்கிறது. இதயத்தை நிதானப்படுத்துவது அதன் வேலைகளில் ஒன்று. விடும் மூச்சு நீண்டால் அந்த வேலைக்கு நேரம் கிடைக்கிறது. மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு நீங்களே பார்க்கலாம். எனக்கு முதல் முறை விரலில் அது தெரிந்தபோது மெய்சிலிர்த்தது. என் கோபத்தை, பயத்தை நான் நேராகப் பிடிக்க முடியாது. விடுகிற மூச்சை மட்டும் என்னால் பிடிக்க முடியும். அதன் வழியாக மற்றதிடம் போகலாம்.

தாள்

எங்கள் வீட்டுச் சுவரில் தினசரிக் காலண்டர் தொங்குகிறது. ராசிபலனும் நல்ல நேரமும் போட்டது. அன்றைய பயிற்சியை முடித்த பிறகுதான் முந்தைய நாள் தாளைக் கிழிப்பேன். செய்யாத நாளில் தாள் அப்படியே இருக்கும். வீட்டில் யாரும் அதைத் தொடக் கூடாது.

கிழித்த தாளின் பின்பக்கம் வெற்றாக இருக்குமே, அதில் ஒரு வரி எழுதுவேன். உடம்பில் எங்கே இறுக்கம், மனதில் யார் வந்தார்கள். இரண்டே விஷயம். "வலது தோள். கரண்ட் பில்." "தாடை. அம்மா." "ஒன்றும் இல்லை. கொக்கு சத்தம்." எழுதிப் பழைய பட்டன் டப்பாவில் போட்டுவிடுவேன். மாதக் கடைசியில் எல்லாவற்றையும் ஜமுக்காளத்தில் பரப்பிப் பார்ப்பேன். நான்கு மாதம் இப்படிப் பார்த்தபோதுதான் ஒன்று புரிந்தது: தம்பி பெயர் வருகிற நாளில் எல்லாம் பக்கத்தில் "தொண்டை" என்றுதான் எழுதியிருந்தேன். யாரும் சொல்லித் தந்து இது தெரிந்திருக்காது. இதைச் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன். பயிற்சி மட்டும் செய்தால் உடம்புக்கு நல்லது; அந்த ஒரு வரியை எழுதினால்தான் நம்மை நாமே படிக்க முடிகிறது.

நாள் தவறினால் என்ன செய்வது? தவறும். தீபாவளிக்கு முந்தைய இருபது நாள் இரவு ஒரு மணி வரை தைப்பேன். தைப் பிறந்தால் கல்யாண வேலை. அந்த நாட்களுக்கு என்று ஒரு குறைந்தபட்ச அளவு வைத்திருக்கிறேன்: நின்று கை தூக்கி இறக்குவது ஆறு முறை, பூனை ஆறு முறை, உட்கார்ந்து நீண்ட மூச்சு ஆறு. ஏழு நிமிடம்கூட ஆகாது. அதைச் செய்தால் தாளைக் கிழிக்கலாம். அதுவும் முடியாத நாள் வந்தால், அடுத்த நாள் இரண்டு பங்கு செய்ய வேண்டாம்; வழக்கமானதைச் செய்துவிட்டு இரண்டு தாளையும் சேர்த்துக் கிழித்துவிடுங்கள். மாதவிலக்கு நாட்களில் எனக்கு வலி இருந்தால் பாலாசனமும் மூச்சும் மட்டும்தான்.

பயிற்சி வேரூன்றுவதற்குப் பதஞ்சலி மூன்று நிபந்தனை சொல்கிறார்: நெடுங்காலம், இடைவிடாமல், மதிப்போடு. முதல் இரண்டும் எல்லாருக்கும் தெரியும். மூன்றாவதைத்தான் நாம் விட்டுவிடுகிறோம். சாமி விளக்கைத் துடைப்பது போல விரிப்பை விரிக்கவேண்டும் என்பார் டீச்சரம்மா. அப்பா நெய்த ஜமுக்காளம் என்பதால் எனக்கு அது தானாக வந்தது. உங்களுக்கும் அப்படி ஒரு பொருள் இருந்தால் அதைக் கொண்டுவந்து அந்த இடத்தில் வையுங்கள்.

படுத்திருக்கும்போது அழுகை வந்தால்

சவாசனம் என்றால் சும்மா படுப்பது என்று நினைத்துத்தான் நானும் முதலில் அதை விட்டுவிட்டு எழுந்துபோனேன். கால்களைக் கொஞ்சம் அகட்டி, உள்ளங்கை மேலே பார்க்க, கண்ணை மூடிப் படுக்கவேண்டும். குளிர்ந்தால் போர்த்திக்கொள்ளுங்கள். இடுப்பு வலி இருப்பவர்கள் முட்டிக்கு அடியில் தலையணை வையுங்கள். கால் விரலில் தொடங்கி ஒவ்வொரு இடமாகத் தளர்த்திக்கொண்டு வாருங்கள். தாடையையும் நாக்கையும் மறக்க வேண்டாம். நாக்கு மேல் அண்ணத்தில் ஒட்டி நிற்பது பெரும்பாலும் நமக்குத் தெரியாது.

அம்மா 2015ல் போனார். காரியத்துக்குச் சமைத்து, வந்தவர்களைப் பார்த்து, பதினாறாம் நாள் முடிந்த மறுநாளே மெஷினில் உட்கார்ந்தேன். கொடுக்கவேண்டிய துணி ஒன்பது இருந்தது. அழவில்லை. ஒன்றரை வருடம் கழித்து, வகுப்பில் சவாசனத்தில் படுத்திருக்கும்போது, தொண்டையைத் தளர்த்துங்கள் என்று டீச்சரம்மா சொன்ன அந்த நிமிடம், கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் வழிந்தது. அம்மாவை அப்போது நான் நினைக்கக்கூட இல்லை. மாடியில் யாரோ காயப்போட்டிருந்த புளியின் வாசனை வந்தது, அவ்வளவுதான் ஞாபகம். நிறுத்தப் பார்த்தேன், முடியவில்லை. டீச்சரம்மா வந்து என் காலடியில் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுப் போனார். ஒன்றும் கேட்கவில்லை.

இது நிறைய பேருக்கு நடக்கிறது. நடந்தால் எழுந்துவிடாதீர்கள். ஏன், எதற்கு என்று அப்போதே தோண்ட வேண்டாம். வாயைக் கொஞ்சம் திறந்து, விடும் மூச்சை நீளமாக விடுங்கள். ஓய்ந்த பிறகு ஒரு பக்கமாகத் திரும்பிப் படுத்து, கையை ஊன்றி மெதுவாக எழுங்கள். முகம் கழுவி, தண்ணீர் குடித்து, தாளில் ஒரு வரி. உடனே யாரிடமும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் இல்லை நீங்கள்.

ஆனால் அழுகை நாள் கணக்கில் நிற்காமல் தொடர்ந்தாலோ, தூக்கமே வராமல் போனாலோ, வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ, அது விரிப்பில் தீர்க்கிற விஷயமில்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலிமனாஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416ல் கட்டணமில்லாமல் பேசலாம். தமிழ்நாட்டில் 104லும் பேசலாம். மருந்து சாப்பிடுபவர்கள் யோகாவை நம்பி மருந்தை நிறுத்தவே கூடாது.

கோபத்தை எழுதிப் பார்ப்பது

எங்கள் பக்கத்தில், யோகாவும் தியானமும் சொல்லித்தரும் மனவளக்கலை மன்றம் இல்லாத ஊர் குறைவு. மனவளக்கலையை உருவாக்கிய வேதாத்திரி மகரிஷி 1911ல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். தறிச் சத்தத்தில் வளர்ந்த எங்களுக்கு அது ஒரு நெருக்கம். ஆழியாறில் அவர் அமைத்த அறிவுத்திருக்கோயிலுக்கு டீச்சரம்மா போய்ப் பயின்று வந்தவர். கை, கால், மூச்சு, கண் என்று போகிற எளியமுறை உடற்பயிற்சியோடு, அகத்தாய்வு என்று ஒரு பகுதியும் அங்கே உண்டு. எண்ணம் ஆராய்வது, ஆசையைச் சீரமைப்பது, சினம் தவிர்ப்பது, கவலை ஒழிப்பது, நான் யார் என்று பார்ப்பது. உடம்பு தளர்ந்திருக்கும்போது இதைச் செய்தால் மனது பொய் சொல்லாது. அதனால் நாடி சுத்தி முடித்த கையோடு, வாரத்துக்கு ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமை செய்கிறேன்.

கவலையை நான்காகப் பிரிக்கச் சொல்வார்கள்: அனுபவித்தே தீரவேண்டியது, தள்ளிப்போட வேண்டியது, அலட்சியம் செய்யவேண்டியது, உடனே தீர்க்கவேண்டியது. ஒரு தாளில் நாலு கட்டம் போட்டு எழுதுங்கள். மாமியாரின் முதுமை முதல் கட்டம். மகனின் கல்யாணம் இரண்டாவது. எதிர்க்கடைக்காரி என்னைப் பற்றிப் பேசுவது மூன்றாவது. உடனே தீர்க்கவேண்டிய கட்டத்தில் எப்போதும் ஒன்றோ இரண்டோதான் நிற்கும். அதைத் திங்கட்கிழமையே செய்துவிடுவேன்.

சினத்துக்கு, யார் யார் மேல் கோபம் வருகிறது என்று பெயரை எழுதவேண்டும். நான் 13 பெயர் எழுதினேன். முதல் பெயர் தம்பி. அம்மாவின் நாலு பவுன் சங்கிலி எனக்கு என்று அம்மா வாயால் சொன்னது. அது தம்பி மனைவியின் கழுத்துக்குப் போனது. மூன்று வருடம் அவன் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவன் பெயரிலிருந்து ஆரம்பிக்கட்டுமா என்று கேட்டேன். "வேண்டாங்க அம்மிணி. பாரமான மூட்டையை முதல்ல தூக்கினா இடுப்பு பிடிச்சுக்கும். கடைசிப் பேரிலிருந்து வாங்க" என்றார் டீச்சரம்மா.

கடைசிப் பெயர், சொன்ன தேதிக்கு நூல்கண்டு கொண்டுவராத கடைப் பையன். அவனை மனதில் நிறுத்தி, உடம்பில் எங்கே இறுகுகிறது என்று பார்த்து, ஆறு எண்ணி மூச்சை விட்டு, வாழ்க வளமுடன் என்று வாழ்த்தவேண்டும். வாழ்த்து மனதில் ஒட்டவில்லை என்றால் பரவாயில்லை, மூச்சை மட்டும் விடுங்கள். அடுத்த வாரம் திரும்பப் பார்க்கலாம். ஒரு பெயருக்கு ஒரு மாதம்கூட ஆகலாம். தம்பியின் பெயருக்கு நான் வந்து சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

இதில் இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். கோபங்களில் சில, விடவேண்டியவை அல்ல, பேசவேண்டியவை. பட்டியலில் நாலாவதாக இருந்தவர் என் பழைய வாடிக்கையாளர். இரவு ஏழு மணிக்குத் துணியைக் கொடுத்து விடியற்காலை வேண்டும் என்பார். கூலியில் ஐம்பது ரூபாய் பிடித்துக்கொள்வார். எத்தனை வாரம் வாழ்த்தினாலும் வயிற்றில் அந்த இறுக்கம் போகவில்லை. ஒரு நாள் அவர் வந்து நின்றபோது, மூச்சு நிற்பதைக் கவனித்தேன். விட்டேன். "அக்கா, மூணு நாள் வேணும். கூலி முழுசா வேணும்" என்றேன். குரல் நடுங்கவில்லை. அவர் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் கழித்துத் திரும்ப வந்தார். அந்த ஞாயிறு பட்டியலில் அவர் பெயரைத் தேடினேன், இறுக்கம் இல்லை.

தம்பி வீட்டுக்கு ஒரு ஆடிப்பெருக்கு அன்று போனேன். காவிரியும் பவானியும் சேருகிற கூடுதுறையில் முளைப்பாரி விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு அப்படியே நடந்தேன். அவன் மனைவி கதவைத் திறந்தாள். கழுத்தில் அந்தச் சங்கிலி. தொண்டையில் முடிச்சு விழுந்தது, எனக்கு நன்றாகத் தெரிந்தது. வாசற்படியிலேயே நின்று ஆறு எண்ணி விட்டேன். இன்னொரு முறை விட்டேன். "உள்ள வாங்க அண்ணி" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். சங்கிலி எனக்கு உரியது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவளிடம் தண்ணீர் வாங்கிக் குடிக்க முடிந்தது. தம்பி, அம்மா கைப்பக்குவத்தில் கலந்த சாதம் கட்டியிருந்தான். மூன்று பேரும் சேர்ந்து சாப்பிட்டோம். மறுநாள் தாளில், "தொண்டை, பாதி" என்று எழுதியிருக்கிறேன்.

வகுப்பு தேடுபவர்களுக்கு

முதல் இரண்டு, மூன்று மாதமாவது நேரில் ஒருவரிடம் கற்றுக்கொள்ளுங்கள். நம் தோள் ஏறியிருப்பதை நம்மால் பார்க்க முடியாது. இன்னொருவர் கண் வேண்டும். சேரும் முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். முட்டி வலிக்கிற வயதானவருக்கு அந்த ஆசிரியர் நாற்காலி கொண்டுவந்து கொடுக்கிறாரா, எல்லாரையும் ஒரே மாதிரி வளையச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். கையால் அழுத்தி வளைப்பவரிடம் போக வேண்டாம். சர்க்கரை போய்விடும், கட்டி கரைந்துவிடும், மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று வாக்குக் கொடுப்பவரிடமும் வேண்டாம். முடிவில் சவாசனத்துக்கு முழுதாக நேரம் விடுகிறாரா என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்துக்குக் குறைவாக இருந்தால் வேறு இடம் பார்க்கலாம்.

பழைய எக்ஸ்ரே, மருந்துச் சீட்டு இருந்தால் முதல் நாளே எடுத்துக்கொண்டு போங்கள். போகும்போது போர்த்திக்கொள்ள ஒரு துண்டும்.